‘சிக்னல்’ என்று சொல்லியிருக்கலாம்

1

காலை பத்து இருபதுக்கு அது தொடங்கியது. நான் கையில் பிடித்திருந்த கருவியின் மூலையில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. அதைப் பார்த்தபடிதான் கத்தினேன். அதனால் நேரம் மறக்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் வழியில் எங்கள் ஊர். ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம். ஊரின் கிழக்குக் கோடியில், டேவிட்டின் வீட்டுக்குப் பின்னால், அவனுடைய தரிசு நிலத்தின் ஓரத்தில் கைபேசிக் கோபுரம் ஒன்று புதிதாக எழுந்திருந்தது. நான் தார்ச்சாலையில் நின்று வலது கையை நீட்டி, கருவியைக் கோபுரத்தை நோக்கிப் பிடித்திருந்தேன். தொலைக்காட்சி ரிமோட் அளவுக்கு இருக்கும் அது. காற்றில் வரும் ரேடியோ அலைகளின் வலுவை அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குக் காட்டும். சிவப்பு எரிந்தது.

டேவிட்டின் வாசலில், தகரச் சாய்ப்பின் நிழலில், என் மகள் யாழினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் ஆழ்ந்திருந்தாள். பக்கத்தில் டேவிட்டின் மனைவி ஸ்டெல்லா, ஏழு மாத வயிற்றோடு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யாழினி! எழுந்து வா. இனி அந்தப் பக்கம் போகக் கூடாது. கதிர்வீச்சு அதிகம்!”

சாலையைக் கடந்து, எதிரே இருந்த டீக்கடை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். யாழினி முகம் சிவந்து எழுந்து வந்தாள். ஸ்டெல்லா கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆட்டோ வைத்துக்கொண்டு மாகறலில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

2

ஜெர்மனியில் நான் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே எங்கள் தெருவில் குப்பைக்கு நான்கு நிறத் தொட்டிகள். தயிர் டப்பாவின் மூடியை எந்தத் தொட்டியில் போடுவது என்று இன்றும் ஒரு கணம் தயங்கித்தான் போடுகிறேன். அந்தத் தயக்கம் எல்லாவற்றிலும் என்னிடம் உண்டு. பயந்த மனிதன் நான். மகள் பிறந்த பிறகு பயம் இன்னும் பெருத்துவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன்பு யாழினியின் பள்ளிக்கு எதிர்க்கட்டடத்தின் கூரையில் அலைபேசி ஆண்டெனா வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்து பெற்றோர் கூட்டம் போட்டார்கள். நான் முந்தின இரவே எழுதிப் பழகிக்கொண்டு போய்ப் பேசினேன். “எங்கள் குழந்தைகள் கதிர்வீச்சுக்கு ஆளாகிறார்கள்” என்று சொல்ல நினைத்து, கதிருக்கான ஜெர்மன் சொல்லை வினையாக்கி, “உன்ஸெரெ கின்டர் ஷ்ட்ராலன்” என்றேன். அதற்கு “எங்கள் குழந்தைகள் முகமெல்லாம் பூரித்திருக்கிறார்கள்” என்று பொருளாம். கூட்டமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “நல்லதுதானே, அப்படியே இருக்கட்டும்” என்றார். யாழினி அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். ஆண்டெனாவிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி யார் நிற்கலாம், எந்தத் திசையில் அலை போகிறது என்றெல்லாம் விளக்கி, கடைசியில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிந்த நீண்ட பதில் வந்தது. அகராதி வைத்துப் படித்தேன். புரிந்தது, மனம் ஏற்கவில்லை. அப்போதுதான் இணையத்தில் அந்தக் கருவியை வாங்கினேன்.

யாழினிக்குத் தலைவலி வரும். மருத்துவர், “நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், இரவில் கைபேசியை வேறு அறையில் வைக்கட்டும்” என்றார். பதினைந்து வயதுப் பெண்ணிடமிருந்து கைபேசியை வாங்கி வைப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஒரு கோபுரத்தோடு சண்டை போடுவது மகளோடு சண்டை போடுவதைவிடச் சுலபம். நான் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் இங்கே ஒரு மண்டபத்தில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் ஆங்கிலச் சொல் கூடாது. போன் என்றால் அலைபேசி. டவர் என்றால் கோபுரம். ஒருமுறை யாழினி, “இங்கே சிக்னல் இல்லை, அப்பா” என்றாள். ‘குறிகை’ என்று திருத்தினேன். “குறிகை என்று உலகத்தில் யார் சொல்கிறார்கள்?” என்று கேட்டாள். “நாம் சொல்வோம்” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளுடைய பெயரே அந்தப் பெருமையில் வைத்ததுதான். எங்கள் ஊரில் யாருக்கும் அந்த ழகரம் வராது. “யாளினி, நாஷ்டா துன்னியா?” என்பாள் ஸ்டெல்லா. யாழினிக்கு அது பிடித்துப்போயிற்று. ஊருக்குப் போன இரண்டாம் வாரமே, “அப்பா, தண்ணி இங்க கீது” என்றாள். “இருக்கிறது” என்று திருத்தினேன். என் அம்மா சாகும்வரை ‘கீது’ என்றுதான் பேசினாள். அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

3

கத்திய அன்று மாலை, அண்ணன் வீட்டு மாடியறையில் கருவியை மறுபடி எடுத்தேன். மேலத்தெருவில், கோபுரத்திலிருந்து நல்ல தொலைவில் இருக்கும் வீடு. சிவப்பு எரிந்தது. ஜன்னலுக்குப் போனேன், சிவப்பு. உள் மூலைக்கு வந்தேன், சிவப்பு.

“பார், இங்கே வரைக்கும் வருகிறது” என்றேன்.

யாழினி கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து பேசாதவள், எழுந்து வந்து கருவியை என் கையிலிருந்து வாங்கினாள். அறையின் அந்தக் கோடிக்குப் போனாள். பச்சை. என்னை நோக்கி நடந்து வந்தாள். மஞ்சள். என் சட்டைப் பைக்கு அருகே கொண்டுவந்தாள். சிவப்பு.

“அப்பா, அது நீங்கள்தான்” என்றாள்.

என் சட்டைப் பையில், ஜெர்மன் சிம்மோடு, என் கைபேசி இருந்தது. யாழினிக்கு இணையம் கிடைக்கட்டும் என்று காலையிலிருந்து அதில் ஹாட்ஸ்பாட் போட்டு வைத்திருந்தேன். கருவியை எங்கே நீட்டினாலும் அது என் நெஞ்சைத்தான் அளந்திருக்கிறது. மூன்று வருடங்களாக ஜெர்மனியில் பேருந்து நிறுத்தத்திலும் பூங்காவிலும் நான் பார்த்த சிவப்புகளை எண்ணிப் பார்த்தேன். யாழினி கருவியைக் கட்டிலில் வைத்துவிட்டு, “ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்கள். தெரியுமா?” என்றாள்.

4

நான் அளந்தது தப்பு என்று தெரிந்தவுடன் கீழே இறங்கி அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் குணசேகரன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் நிலங்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கோபுரம் நடுவதற்கு இடம் பார்க்க வந்தவர்கள் முதலில் எங்கள் மேட்டு நிலத்தைத்தான் பார்த்தார்கள். பிறகு டேவிட்டின் தரிசுக்குப் போய்விட்டார்கள். வாடகை கைநழுவிப் போன அந்தப் புகைச்சல் அவருக்கு அடங்கவில்லை.

வாசலில் நாலைந்து பேர் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“வாடா தம்பி. இப்பதான் உன்ன பத்தி பேசிக்கினு இருந்தோம். அந்த டவர எடுக்கச் சொல்லி நாளைக்கி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறோம்.”

“அண்ணா, நான் தப்பா அளந்துட்டேன். பையில என் போன் இருந்துச்சு. அதைத்தான் கருவி காட்டியிருக்கு.”

“மிசினு செவப்பு காட்டிச்சா இல்லியா?”

“காட்டுச்சு. ஆனா...”

“அப்றம் இன்னாடா ஆனா? ஜெர்மன் மிசினு பொய் சொல்லுமா?”

“மிஷின் சரி. நான்தான் தப்பு.”

“கேட்டுக்கினீங்களா?” என்று அண்ணன் மற்றவர்களைப் பார்த்தார். “எவனோ வந்து மெரட்டிட்டான் போல கீது. காலைல ரோட்ல நின்னு எட்டூருக்கு கேக்கற மாரி கத்தினான். இப்ப போனுன்றான்.”

“வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு நம்ம ஊரு பேஜாரு இன்னாத்துக்குன்னு பாக்கறாரு” என்றார் ஒருவர்.

“தம்பி, நீ கம்முனு இரு,” என்றார் அண்ணன், அன்பாகவே. “நீ அளந்தது போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

காலையில் நான் சொன்ன ஒரு பொய்யான அளவை இந்தத் தெரு ஒரே பகலில் நம்பியது. அதே வாயால் மாலையில் சொன்ன உண்மையை யாரும் தொடக்கூட இல்லை. அந்தச் சிவப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. ஸ்டெல்லா போனதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

5

மறுநாள் டேவிட்டைப் பார்க்கப் போனேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை அவனுக்கு. அன்று வீட்டில் இருந்தான். நான் ஊருக்கு வந்த முதல் நாள், “இன்னா அண்ணே, இளைச்சிட்டீங்க” என்று பையை வாங்கிக்கொண்டவன். இப்போது சாலைக்கு வந்து நின்றான்.

“சொல்லுங்க சார்.”

அண்ணே சாராகிவிட்டது. கைபேசி, ஹாட்ஸ்பாட், கருவி எல்லாவற்றையும் விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

“கதிர்வீச்ச விடுங்க சார். அது எனக்கு தெரியாது. ‘அந்தப் பக்கம் போவாத’ன்றது எங்களுக்கு புதுசா? எங்கப்பாரு காலத்துலயே கேட்டதுதான். அப்ப மிசினு இல்ல. அவ்ளோதான்.”

நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமாக ஒலித்தது என்பதைக் கேட்டேன். எந்த அர்த்தத்தில் சொன்னாலும் அந்த வாக்கியம் எங்கள் மேலத்தெருவில் யார் வாயிலிருந்து பழகியது, யாரை நோக்கிப் பழகியது என்பது எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவன்தானே நான். பத்தொன்பது வருடம் வேறு மொழியில் வாழ்ந்த பிறகும், பயம் வந்தவுடன் நாக்கில் வந்து நின்றது அதுதான்.

“ஸ்டெல்லாவைக் கூட்டிக்கிட்டு வா, டேவிட். நான் அவளுக்கு எடுத்துச் சொல்றேன்.”

“ரெண்டு தபா கொயந்த தங்கல சார் அதுக்கு. இது மூணாவது. இப்ப நான் வான்னு கூப்ட்டு, நாளைக்கி எதுனா ஒண்ணு ஆச்சின்னா? நீங்க ஜெர்மனில இருப்பீங்க.”

6

யாழினியும் நானும் மாகறல் போனோம். ஸ்டெல்லாவின் அம்மா எனக்கு நாற்காலி போட்டார். ஸ்டெல்லா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். யாழினி நேராகப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“தப்பா அளந்துட்டேன், ஸ்டெல்லா. அங்கே ஒண்ணும் இல்ல.”

“டேவிட்டு சொல்லிச்சி சார்.” அவளே தொடர்ந்தாள். “எங்கப்பா கல்பாக்கத்துல கொத்து வேலைக்கி போய்க்கினு இருந்தாரு. வருசத்துக்கு ஒருதபா சைரன் ஊதி பயிற்சி வெப்பாங்களாம். கதிர்வீச்சுன்னா கதவு ஜன்னல மூடிக்கினு உள்ள உக்காரணும்னு சொல்லிக் குடுத்தாரு. அந்த வார்த்தய எங்க வூட்ல சும்மா வெளையாட்டுக்கு சொல்ல மாட்டாங்க. நீங்க படிச்சவரு, கத்தறீங்க. நான் இன்னா செய்வேன்?”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது கோபத்தில் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் அப்பா சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள்.

“இது அந்தக் கதிர்வீச்சு இல்லம்மா. இது வெறும் ரேடியோ அலை. ரெண்டுக்கும் ஒரே சொல்லு. அதனால...”

“அப்ப இதுக்கு நாங்க இன்னா சொல்லுவோம்?”

எனக்கு முன்னால் யாழினி சொன்னாள்: “சிக்னல்.”

“சிக்னலா!” ஸ்டெல்லாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “சிக்னல் ஜாஸ்தி கீதுன்னு சொல்லியிருந்தா சந்தோசப்பட்டிருப்பேனே சார். ராத்திரில வலி எடுத்தா நூத்தியெட்டுக்கு லைன் கெடைக்கும்னு.”

“அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியும்,” என்றாள் யாழினி. “வகுப்பில் சொல்ல விடமாட்டார்.”

ஸ்டெல்லா சிரிப்பை நிறுத்தினாள். “செரி. நீங்க உங்க போனுதான் காரணம்ன்றீங்க. உங்க அண்ணன் மனு குடுத்துட்டாரு. யார நம்பி நான் போறது? ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருந்துதான் வரீங்க.”

 திரும்பும் பேருந்தில் யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்து, செய்யாற்றின் மணலைப் பார்த்தபடி, “வேறு யாராவது அளக்க வேண்டும். நீங்கள் இல்லை” என்றாள்.

7

போன சனிக்கிழமை என் வகுப்பில் ஒரு சின்னப் பையன், “மாமா, எங்க வீட்டுக்கிட்ட புது டவர் வெச்சிருக்காங்க” என்றான். மற்ற பிள்ளைகள் நான் திருத்துவேன் என்று என் வாயைப் பார்த்தார்கள். “எவ்வளவு உயரம்?” என்று மட்டும் கேட்டேன். அது இங்கே, ஊரிலிருந்து திரும்பிய பிறகு.

அன்று ஊரில், மாகறலிலிருந்து திரும்பிய இரவே, வேறு யார் அளப்பார்கள் என்று தேடினேன். நம் நாட்டில் அரசே வந்து அளந்து தரும் ஏற்பாடு உண்டு. இணையத்தில் கோபுரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, விண்ணப்பம் போட வேண்டும். இந்திய கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும். என் இந்திய சிம் எப்போதோ செத்துவிட்டது. அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன்.

“அண்ணா, நம்பர் வந்துச்சா?”

“இன்னா நம்பரு?” அவர் கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

“மெசேஜ்ல வந்திருக்கும்.”

“ஒண்ணும் வர்ல. நம்ம தெருவுல ஏது சிக்னலு?” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நேரம் கடந்தது. கடைசியில் டேவிட்டின் வாசலுக்கு எதிரே, சாலையில் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“எங்க டவர அளக்க எங்க நம்பரே வேணுமா?”

“ஆமாம்.”

கைபேசியை எடுத்தான். அந்த இடத்தில் செய்தி உடனே வந்து விழுந்தது. “எய்திக்கோங்க சார்” என்று ஒவ்வோர் இலக்கமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்திச் சொன்னான்.

விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. எங்கள் விடுமுறை முடிய வந்தது. நான் பயணச்சீட்டைத் தள்ளிப் போட்டேன். யாழினியின் பள்ளிக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. ‘குடும்ப விவகாரம்’ என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு, “பொய் இல்லை” என்றாள்.

8

அளப்பதற்கு ஒரு பெண் பொறியாளரும் ஓர் உதவியாளரும் ஜீப்பில் வந்தார்கள். மேலத்தெருவிலிருந்து அண்ணனோடு ஒரு கூட்டமும் வந்தது. பொறியாளர் முதலில் சாலையிலும், பிறகு வயல் வரப்பிலும் முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் உருண்டையான ஓர் உணரியைப் பொருத்தினார். எல்லோரும் கைபேசியை அணைத்துவிட்டுத் தள்ளி நிற்கும்படி சொன்னார். முதல் ஆளாக அணைத்தவன் நான். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் அப்படியே விட்டு, சராசரி எடுத்தார்.

“கீழ நிக்கறவங்களுக்கு அதிகமா விழும்னு நினைப்பாங்க,” என்று கூட்டத்தைப் பார்த்துப் பேச்சுவாக்கில் சொன்னார். “அலை மேலாகப் போய் தூரத்துல இறங்கும். உங்க ஊர்ல மேட்டுல இருக்கற தெரு எது?”

எல்லோருடைய கண்ணும் மேலத்தெருப் பக்கம் திரும்பியது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வீட்டுக்குள்ளயும் பார்க்கணும்” என்றார் பொறியாளர். டேவிட் கதவைத் திறந்தான். யாழினி யாரையும் கேட்காமல் கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் உள்ளே போனாள். நான் வெளியே, சாலையிலேயே காத்திருந்தேன்.

அவர்கள் வெளியே வந்து, வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது, எங்குமே பயப்படும் அளவு இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்கள்.

“மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க அப்டிதான் சொல்லுவாங்க,” என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கைபேசியை உயிர்ப்பித்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள்.

அப்போதுதான் ஆட்டோ வந்தது. டேவிட் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா மெதுவாக இறங்கினாள். துணிப்பை ஒன்றும் கூடவே இறங்கியது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பொறியாளரிடம் நேராகப் போனாள்.

“மேடம், நான் படுக்கற எடத்துல பாத்தீங்களா?”

“கட்டில் மேலயே வச்சுப் பார்த்தோம்மா. தலைகாணி இருக்கற பக்கம்.”

“ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்குங்க.”

ஸ்டெல்லா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். டேவிட் பையை எடுத்துக்கொண்டு முன்னே போனான். யாழினி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசற்படிக்கு அருகே போனதும் ஸ்டெல்லா நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க செருப்ப கயட்டிட்டு கட்டிலு வரிக்கும் போய் பாத்துட்டு வந்துட்டாங்க,” என்றாள். “நீங்க இன்னும் ரோட்லதான் நின்னுகினு கீறீங்க, சார்.”